இரண்டாம் வாத்தியமாக நாதசுரம்

வாய்ப்பாட்டோ வயலினோ பயிலும் இளைஞருட் சிலர், இரண்டாவதாக ஒரு துளைக்கருவியையும் கற்க விரும்புகின்றனர். அவர்களுள்ளும் நாதசுரத்தை நாடுவோர் மிகச் சிலரே. அது மூச்சை வாங்கும். பரம்பரையினர்க்கே கைவரும் என்ற அச்சமே காரணம். வரலாற்றை நோக்கின் அவ்வச்சம் ஓரளவு நீங்கும்.

நாதசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) இசைக் குடும்பத்தில் வந்தவரே. எனினும் அவர் முதலிற் பயின்றது வாய்ப்பாட்டு; நாதசுரம் பின்னர் வந்தது. அவருடைய இராக ஆலாபனையின் பெருமைக்கு அப்பாட்டறிவே அடிப்படை.

இதன் காரணம் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. கொறுக்கைத் தட்டையாற் செய்த சீவாளியின் இரு இதழ்களும் மூச்சுப் பட்டு அதிர்கின்றன. விரல் வைக்கும் துளைகள் ஏழே. இடைச் சுரங்களையும் கமகங்களையும் மூச்சின் அழுத்தத்தாலும், துளையைப் பாதி மூடும் விரலாலும், உதட்டின் பிடிப்பாலுமே பெறவேண்டும். சுரத்தின் இடம் முன்னரே செவியில் நின்றாலன்றிக் கருவி அதனைக் காட்டித் தராது. ஆகவே பாடத் தெரிந்தவர் பாதி வழி வந்தவராவர்.

எதனைத் தேர்வது? முற்காலத்தில் வழங்கியது திமிரி. அது குட்டையானது, சுருதி கூடியது, வீதியுலாவிலே நெடுந்தூரம் கேட்கும். பாரி நீண்டது, இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஒலிப்பது. இராசரத்தினம் பிள்ளைக்காக இதனைச் செம்மைப்படுத்தியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியார். அவ்வூர் நாதசுரத்திற்கு 2022இற் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாடகரின் குரலுக்கு அண்மையிலிருப்பதால் பாரியே அவர்களுக்கு ஏற்றது.

நம் யாழ்ப்பாணத்துக்கும் இக்கலை புதிதன்று. அளவெட்டி என். கே. பத்மநாதன் (1931–2003) போன்ற வித்துவான்கள் இங்கேயே தோன்றினர். ஆனால் நாம் அவர்களைக் கோயில் வீதியில் நிறுத்திக் கேட்டோம். சபையில் இருத்தி மதிக்கத் தயங்கினோம். இன்றோ சில ஆலயங்களிற் பூசைவேளையில் மேளத்துக்குப் பதிலாக மின்சார இயந்திரம் முழங்குகின்றது.

இளைஞர்காள்! தக்க ஆசானை அடைந்து, பணிவுடன் இக்கலையைக் கேளுங்கள். எல்லோரும் வித்துவானாதல் வேண்டியதில்லை. ஊருக்கு நால்வர் சீவாளியின் அருமையை அறிந்தாலும், வாசிப்பவருக்கு உரிய மதிப்புக் கிடைக்கும். நம் ஆலயங்களில் மங்கல ஒலியும் நிலைக்கும்.