படமும் பெயரும்

கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் காமெரான் அம்மாள் காமிராவைத் தொட்டதே 48-ஆம் வயதில்தான். டார்வினையும் டெனிஸனையும் படமெடுத்துப் புகழ் பெற்றார். இலங்கையில் கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875-இல் அங்கே குடியேறினார். 1879-இல் அங்கேயே காலமானார்.

1878-இல் களுத்துறைக் குடியானவர் மூவரை அவர் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தேன். சிறுமிக்கு வயது 12. அவள் தகப்பன் என்று சொல்லிக்கொண்ட கிழவருக்கு 100. வயதைக் குறித்து வைத்த அம்மாள், பெயரைக் குறிக்கவில்லை. டார்வினுக்கு அப்படி நேருமா?

அந்நாளில் காப்பித் தோட்டங்களில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து போனவர்கள். ஆலங்குளத்துக் கரிசலை விட்டு அப்படிப் போனவர்களில் என் முப்பாட்டனாரும் ஒருவர். அவர் பெயர் எங்கள் வீட்டில் இருக்கிறது, படம் இல்லை. களுத்துறைக் கிழவருக்கோ படம் இருக்கிறது, பெயர் இல்லை.