வாக்குச்சீட்டும் வேட்பாளர் பட்டியலும்: அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் இயக்குநர் தேர்தல்கள், 1977–2025

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக வாதாடும் அமெரிக்க அமைப்புகளுள் மிகவும் அறியப்பட்ட தேசிய ரைஃபிள் சங்கம், 1871ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற, இலாப நோக்கற்ற ஓர் உறுப்பினர் சங்கமாகும். உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படைவீரர் பலருக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியாதிருந்ததைக் கண்ணுற்ற வில்லியம் கானன்ட் சர்ச், ஜார்ஜ் விங்கேட் என்னும் முன்னாள் படை அதிகாரிகள் இருவர் சுடுபயிற்சியை வளர்க்கும் பொருட்டு இதனைத் தோற்றுவித்தனர். சங்கத்தின் அரசியல் செல்வாக்கைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால், அதன் உள்நிர்வாகம், அதாவது உறுப்பினர்கள் தங்கள் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அம்முறைக்கு நேர்ந்த மாற்றங்களும், அதே அளவு கவனம் பெற்றதில்லை. சங்கம் 2019க்குப் பின் சந்தித்த நெருக்கடியின் வேர் இந்த உள்நிர்வாகத்தில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேர்தலின் அமைப்பை முதலில் விளக்குதல் தேவை. இயக்குநர் குழுவில் 76 இடங்கள் உள்ளன. அவற்றுள் 75 இடங்களுக்கு அஞ்சல் வாக்கெடுப்பு நடக்கிறது. பதவிக்காலம் மூன்றாண்டு என்பதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 25 இடங்கள் மட்டுமே தேர்தலுக்கு வரும். எஞ்சிய ஓர் இடத்தை ஆண்டுக் கூட்டத்திற்கு நேரில் வரும் உறுப்பினர்கள் ஓராண்டுக்கு நிரப்புகின்றனர். ஆயுள் உறுப்பினர்களும் இடைவிடாது ஐந்தாண்டு சந்தா செலுத்தியவர்களுமே வாக்குரிமை உடையோர். வாக்குச்சீட்டு சங்கம் வெளியிடும் இதழுக்குள் வைத்துத் தைக்கப்பட்டு வீட்டுக்கு வருகிறது. அதன் அருகிலேயே ஒவ்வொரு வேட்பாளரைப் பற்றியும் சில வரிகள் அச்சாகியிருக்கும். இவ்வேட்பாளர்களுள் பெரும்பாலோரை முன்மொழிவது வேட்பாளர் தேர்வுக் குழு. அந்தக் குழுவை அமைப்பதோ பதவியில் இருக்கும் இயக்குநர் குழு. இக்குழுவின் தயவின்றிப் போட்டியிட விரும்புபவர் உறுப்பினர்களிடம் கையொப்பம் திரட்டி மனுச் செய்ய வேண்டும். அவ்வாறு வருபவரை மனு வேட்பாளர் என்பர். நிறைவேற்று அதிகாரம் முழுவதும் ஊதியம் பெறும் நிர்வாகத் துணைத் தலைவர் கையில் இருக்கிறது. தலைவர் பதவி பெருமளவு மதிப்புப் பதவியே.

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பிறகு சங்கத்திற்குள் இரு போக்குகள் மோதின. வேட்டை, விளையாட்டு, இயற்கைப் பாதுகாப்பு ஆகியவற்றில் கவனம் செலுத்தித் தலைமையகத்தை வாஷிங்டனிலிருந்து கொலராடோவுக்கு மாற்ற எண்ணியது அன்றைய தலைமை. ஹார்லன் கார்ட்டரும் நீல் நாக்ஸும் முன்னின்ற அணியோ துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு எதிரான சட்டமன்றப் போராட்டமே முதற்பணி என்றது. 1977 மே மாதம் சின்சினாட்டி நகரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் ஆரஞ்சு நிறத் தொப்பி அணிந்து, வாக்கி-டாக்கி கருவிகளால் ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டு, கூட்ட விதிமுறைகளை நுணுகிக் கற்று வந்திருந்த கிளர்ச்சியாளர்கள், மறுநாள் விடியற்காலை வரை நீண்ட வாக்கெடுப்புகளில் தலைமையை வீழ்த்திக் கார்ட்டரை நிர்வாகத் துணைத் தலைவராக்கினர். அந்த இரவு சங்கத்தின் அரசியலைத் திருப்பியது என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். அது துணைவிதிகளையும் திருத்தியது என்பது அத்தனை பேசப்படுவதில்லை. நிர்வாகத் துணைத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை உறுப்பினர்களுக்கு அன்று கிடைத்தது.

ஆயினும் அவ்வுரிமை நிலைக்கவில்லை. பின்னாளில் அது இயக்குநர் குழுவிடமே திரும்பிச் சென்றது. 1977இன் வெற்றியாளர்களே ஆட்சியாளரானபின் அடுத்த கிளர்ச்சிக்கு வாயில் திறந்து வைக்க அவர்களுக்கு விருப்பமில்லாது போனது என்று கொள்வதே பொருத்தமாகும். 1991இல் நிர்வாகத் துணைத் தலைவரான வெய்ன் லபியேர், 1997இல் நீல் நாக்ஸின் அணியிடமிருந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். சங்கத்தின் நிதி நிலையும் வெளி ஒப்பந்ததாரர்களுக்குச் செல்லும் பணமும் அன்றே கேள்விக்குள்ளாயின. முதல் துணைத் தலைவர் பதவிக்கு நாக்ஸை எதிர்த்து நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் நிறுத்தப்பட்டார்; இயக்குநர் குழு வாக்கெடுப்பில் நான்கே வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார். எழுப்பப்பட்ட கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை. கேள்வி கேட்டவர்களே அகன்றனர். அதன்பின் இருபதாண்டுக் காலம் லபியேரின் பதவிக்கு உள்ளிருந்து பெரிய அறைகூவல் எழவில்லை. மனு வேட்பாளருக்குத் தேவையான கையொப்பங்களின் எண்ணிக்கையும் இக்காலத்தில் உயர்த்தப்பட்டது.

2019 ஏப்ரலில் இண்டியானாபொலிஸ் ஆண்டுக் கூட்டத்தின்போது தலைவர் ஆலிவர் நார்த், லபியேருடன் மோதிப் பதவி இழந்தார். பெவர்லி ஹில்ஸ் கடையொன்றில் லபியேருக்காக 2 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு மேல் உடை வாங்கப்பட்டிருந்த செய்தி வெளிவந்தது. செலவுகளைப் பற்றி வினவிய இயக்குநர்கள் மூவர், குழுப் பொறுப்புகள் பறிக்கப்பட்ட நிலையில் அவ்வாண்டு ஆகஸ்டில் விலகினர். உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே கணக்குக் கேட்கும் ஆற்றல் இல்லையெனில், வாக்குரிமை பெயரளவில்தான் இருந்தது என்றாகிறது.

நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி லெட்டிஷியா ஜேம்ஸ், சங்கத்தையே கலைக்கக் கோரி 2020 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தார். 2021 ஜனவரியில் சங்கம் டல்லாஸ் நீதிமன்றத்தில் திவால் மனு அளித்தது. பெரும்பாலான இயக்குநர்களுக்கு அது முன்கூட்டித் தெரியாது. சில நாள்களுக்கு முன் அவர்கள் ஒப்புதல் அளித்த லபியேரின் பணி ஒப்பந்தத்தில் அமைப்பை மறுசீரமைக்கும் அதிகாரம் அவருக்குத் தரப்பட்டிருந்தது. எழுபத்தாறு பேர் கொண்ட குழு, தான் எதற்கு ஒப்புகிறது என்பதை அறியாமலே ஒப்பியது. இயக்குநர்களுள் ஒருவரும் கேன்சஸ் மாநில நீதிபதியுமான ஃபில் ஜர்னி, கணக்குகளை ஆராய வெளியாள் ஒருவரை நியமிக்குமாறு அந்நீதிமன்றத்தை வேண்டினார். நல்லெண்ணத்துடன் தாக்கல் செய்யப்படவில்லை என்று கூறி மே மாதம் நீதிபதி ஹார்லின் ஹேல் திவால் மனுவைத் தள்ளுபடி செய்தார். கலைப்புக் கோரிக்கையை நியூயார்க் நீதிமன்றம் 2022இல் நீக்கியது. நிதி முறைகேடு பற்றிய வழக்கு மட்டும் தொடர்ந்தது.

2024 ஜனவரியில் விசாரணை தொடங்கும் தறுவாயில் லபியேர் பதவி விலகலை அறிவித்தார். பிப்ரவரி 23 அன்று நடுவர் குழு, அவர் சங்கத்திற்கு 54 லட்சம் டாலர் இழப்பு ஏற்படுத்தினார் என்றும், திருப்பிச் செலுத்தியது போக ஏறத்தாழ 43 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சங்கத்தில் அவர் ஊதியப் பதவி வகிக்க நீதிபதி ஜோயல் கோஹன் பத்தாண்டுத் தடை விதித்தார். ஆனால், வெளிக் கண்காணிப்பாளரை நியமிக்க மறுத்துவிட்டார்.

அதே 2024இல் நடந்த இயக்குநர் தேர்தலில் சீர்திருத்தத்தை முன்வைத்துக் கூட்டாக நின்ற நால்வர் இயக்குநர்களாயினர்: ஃபில் ஜர்னி, ராக்கி மார்ஷல், டெனிஸ் ஃபுசாரோ, மறைந்த நீல் நாக்ஸின் மகன் ஜெஃப் நாக்ஸ். வாக்குச்சீட்டு பழைய முறையில்தான் வந்தது. நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணத்தின்மேல் வெளிவந்த செலவுக் கணக்குகளை உறுப்பினர்கள் படித்திருந்தார்கள் என்பதே புதிது. மாற்றத்தை உண்டாக்கியது விதிகளைவிடத் தகவலே எனலாம். அத்தகவல் சங்கத்தின் சொந்த இதழ்வழி அவர்களை எட்டவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். மே மாதம் டல்லாஸில் கூடிய இயக்குநர் குழு, டக் ஹாம்லினை நிர்வாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 2025இல் பில் பாக்கன்பர்க் தலைவரானார். ராக்கி மார்ஷல் இரண்டாம் துணைத் தலைவரானார். இயக்குநர் குழுவின் 76 இடங்களும், பதவியில் இருப்பவர்களே அமைக்கும் வேட்பாளர் தேர்வுக் குழுவும் 2025 இயக்குநர் தேர்தலிலும் இருந்தபடியே இருந்தன.