கோபன்ஹேகன்: அழகான ஊரின் வரவு செலவு

கோபன்ஹேகனுக்கு ரெண்டு நாள் போய் வருகிறவர்கள் போடும் போட்டோக்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நைஹவன் கால்வாய்க் கரையில் கலர் கலராக வீடுகள், ஸ்ட்ரோயெட் கடைத்தெரு, சைக்கிள், காபி, ஊருக்கு வடக்கே ஒரு கோட்டை. 'என்ன ஸ்டைலான ஊர்!' என்று ஒரு வரி. பி.காம் படிக்கிற எனக்கு முதலில் வருகிற சந்தேகம் வேறு. இவ்வளவு சின்ன நாட்டுக்கு இத்தனை அரண்மனையும் கோபுரமும் கட்ட காசு எங்கிருந்து வந்தது?

ஊரின் பெயரிலேயே பாதி பதில் இருக்கிறது. டேனிஷ் மொழியில் அதற்கு 'வியாபாரிகளின் துறைமுகம்' என்று அர்த்தம். மீதி பதிலுக்கு மேப்பைப் பாருங்கள். பால்டிக் கடலிலிருந்து கப்பல்கள் வெளியே வர முக்கியமான வழி ஓரெசுண்ட் நீரிணை. ஹெல்சிங்கோர் என்ற ஊரிடம் அதன் அகலம் நாலு கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் இரண்டு கரையும் டென்மார்க் கையில். தானியம், மரம், தார் வெளியே போகும். உப்பு, ஒயின், துணி உள்ளே வரும். எதுவானாலும் இங்கே நின்று சுங்கம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். 1429 வாக்கில் மன்னர் எரிக் ஆரம்பித்த இந்த வசூல் 1857 வரை நடந்தது. நானூறு வருடத்துக்கும் மேலே ஒரு டோல்கேட்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மதிப்பீட்டு முறை. சரக்கின் விலையை கேப்டனே சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ள ராஜாவுக்கு உரிமை உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போச்சு, கூட்டிச் சொன்னால் வரி ஏறும். இன்ஸ்பெக்டரே இல்லாமல் உண்மையை வரவழைக்கும் வித்தை. போட்டோவில் வருகிற அந்தக் கோட்டை, க்ரோன்போர்க், 1574 முதல் 1585 வரை இந்தக் காசில்தான் எழுந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நடக்கும் இடமும் அதுதான்.

அடுத்து நான்காம் கிறிஸ்டியன். கட்டடப் பைத்தியம் பிடித்த ராஜா. ரோசன்போர்க் அரண்மனை, உருண்டைக் கோபுரம், நாலு டிராகன்களின் வால் முறுக்கிய கூம்போடு பங்குச் சந்தைக் கட்டடம் எல்லாம் அவர் காலத்தவை. (அந்தக் கூம்பு 2024 ஏப்ரல் தீவிபத்தில் சரிந்து விழுந்தது.) இவர்தான் 1616இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தவர். மிளகு தேடி வந்த அதன் ஆட்கள் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டு இறங்கிய இடம் நம்ம தரங்கம்பாடி. நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆனால் லாபம்? 1640களுக்குப் பிறகு கால் நூற்றாண்டு போல ஊரிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். தலைமை அலுவலகம் மூடிய பிறகும் திறந்திருந்த கிளை!

பெரிய லாபம் வந்தது 18ஆம் நூற்றாண்டில். மற்ற நாடுகள் போரில் அடித்துக்கொள்ள, டென்மார்க்கின் நடுநிலைக் கொடியில் சரக்கு பத்திரமாகப் போனது. சீனத் தேயிலை ஒரு பக்கம், மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை இன்னொரு பக்கம். துறைமுகத்தில் இன்று அழகாக நிற்கும் பழைய கிடங்குகள் பல இந்தச் சரக்குக்காகக் கட்டியவை.

இங்கேதான் செலவுப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் அடிமைகள். டேனிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றிப் போனவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அடிமைக் கடத்தலைத் தடுக்கும் ஆணை 1792இலேயே வந்தது, ஆனால் அமலுக்கு வந்தது 1803இல். நடுவில் பத்து வருடம் தோட்ட முதலாளிகள் 'ஸ்டாக்' சேர்த்துக்கொள்ள அவகாசம். அடிமை முறையே ஒழிந்தது 1848இல். 1917இல் தீவுகளை அமெரிக்காவுக்கு இரண்டரைக் கோடி டாலருக்கு விற்றார்கள். உழைத்தவர்களின் பங்கு எந்தப் பேரேட்டில்? நூறு வருடம் கழித்து, 2018இல், மேற்கிந்தியக் கிடங்கின் முன்னால் ஒரு கறுப்பினப் பெண்ணின் சிலையை வைத்தார்கள். 1878இல் செயின்ட் க்ரோய் தீவில் தொழிலாளர் கலகத்துக்குத் தலைமை தாங்கிய 'ராணி மேரி'யின் நினைவாக.

கோபன்ஹேகனின் நல்ல காலமும் நிலைக்கவில்லை. 1807இல் பிரிட்டிஷ் கடற்படை குண்டு போட்டு நகரை எரித்தது. 1813இல் அரசே திவால். 1845இல் தரங்கம்பாடியை செராம்பூரோடு சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். 1857இல் மற்ற நாடுகள் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அந்த டோல்கேட்டையும் மூட வைத்தன.

அந்த ஊர் அழகில்லை என்று நான் சொல்லவில்லை. அழகுதான். ஆனால் வரவுப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துவிட்டு வருவது அரைக் கணக்கு. டென்மார்க் போகிறவர்கள் நைஹவனில் காபி குடித்த கையோடு அந்தக் கிடங்குப் பக்கமும் நடந்து பாருங்கள். என்னைப் போல் டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் போதும். அதே கணக்கின் இன்னொரு பக்கம், டான்ஸ்போர்க் கோட்டை, தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கிறது.