கோபுரக் கலசமும் இரிடியமும்: ஒரு உலோகத்தின் உண்மைக் கதை

பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் இதில் சில குடும்பங்களின் நகையும் சேமிப்பும் அடங்கியிருப்பதால், பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. கையில் ஒரு பேப்பர். அதில் ரிசர்வ் வங்கி முத்திரை போல ஒன்று. "சார், இரிடியம் வித்த பணம் பல லட்சம் கோடி ரிசர்வ் பேங்குல நிக்குதாம். ஒரு டிரஸ்ட் மூலமா நமக்குப் பிரிச்சுத் தருவாங்களாம். அம்பதாயிரம் கட்டிட்டேன். இன்னும் ரெண்டு லட்சம் கட்டணும். வீட்ல நகையை வைக்கலாம்னு இருக்கேன். நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார், இரிடியம் நெஜமாவே அவ்ளோ விலையா சார்?" என்றார்.

முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தனிம அட்டவணை நடத்தியவன் நான். 77ஆம் கட்டத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். அன்று சொல்லாமல் விட்டதை அவரிடம் இப்போது சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இரிடியம் பொய்யல்ல. 1803இல் லண்டனில் ஸ்மித்சன் டெனன்ட் என்ற வேதியியலர் கண்டுபிடித்தார். பிளாட்டினத் தாதுவை ராஜ திராவகத்தில் கரைத்தால் அடியில் ஒரு கறுப்புக் கசடு தங்கும். பலர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. டெனன்ட் அதற்குள்ளிருந்து இரண்டு புதிய உலோகங்களைப் பிரித்தார். ஒன்று ஆஸ்மியம், இன்னொன்று இரிடியம். அதன் உப்புகள் பல வண்ணங்களில் இருந்ததால், கிரேக்கர்களின் வானவில் தேவதை ஐரிஸின் பெயரை வைத்தார்.

இது ஏன் இவ்வளவு அரிது? பூமி உருகிய நிலையில் இருந்தபோது, இரும்போடு சேரும் குணமுள்ள இரிடியம் பெரும்பாலும் இரும்போடு சேர்ந்து பூமியின் நடுக்கருவுக்குப் போய்விட்டது. மேலோட்டில் மிஞ்சியது நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கும் குறைவு. விண்கற்களில் அதைவிட மிக அதிகம். 1980இல் லூயி அல்வாரெஸ், அவர் மகன் வால்டர் ஆகியோரின் குழு இத்தாலியில் ஒரு மெல்லிய களிமண் அடுக்கில் இரிடியம் மிகுந்திருப்பதை வைத்துத்தான், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதி டைனோசர்கள் அழிந்தன என்ற முடிவுக்கு வந்தது. நம் நாட்டில் மேகாலயாவிலும் அதே காலத்துப் பாறை அடுக்கில் இரிடியம் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

இரிடியத்துக்கென்று தனியாகச் சுரங்கம் கிடையாது. பிளாட்டினமும் நிக்கலும் எடுக்கும்போது உபரியாகக் கிடைப்பதுதான். உலக உற்பத்தியில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைகளிலிருந்து வருகிறது. அங்கேயே ஒரு டன் பாறையை உடைத்தால் பிளாட்டினக் குடும்பம் மொத்தமும் சேர்ந்து சில கிராம்தான். அதில் இரிடியம் மிகச் சிறு பங்கு. தமிழ்நாட்டிலும் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் குரோமைட் பாறைகளில் பிளாட்டினக் குடும்ப உலோகங்களின் தடயங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்துள்ளது. சந்திரயான்-2க்காக நிலவு மண் போல ஒன்றைத் தயாரிக்கப் பாறை எடுத்த அதே சித்தம்பூண்டிதான். ஆனால் அங்கேயும் யாரும் மண்வெட்டியோடு போய் இரிடியம் அள்ளிவிட முடியாது.

பயன் என்ன? 1889 முதல் 2019 வரை உலகத்துக்கே ஒரு கிலோகிராம் என்றால் என்ன என்று சொன்னது, பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த ஒரு உருளை. 90 பங்கு பிளாட்டினம், 10 பங்கு இரிடியம். அதன் 57ஆம் எண் நகல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. பழைய பவுண்டன் பேனா நிப்பின் நுனி தேயாமல் இருக்க இந்தக் குடும்பத்து உலோகக் கலவைதான் வைத்தார்கள். கதிரியக்க இரிடியம்-192 புற்றுநோய்ச் சிகிச்சைக்கும், கொதிகலன் குழாய்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று படமெடுக்கவும் உதவுகிறது. செல்போன் திரையின் ஓ.எல்.இ.டி. வண்ணங்களுக்குப் பின்னாலும், நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒருவகைக் கருவியிலும் இரிடியம் உண்டு.

"தம்பி, நீ வேலை பார்க்கிற லைனுக்குப் பக்கத்திலேயே இரிடியம் இருக்கு" என்றேன். இரிடியம் ஸ்பார்க் பிளக்கின் நுனியில் மிக மெல்லிய ஒரு கம்பி. 2,446 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால், எஞ்சினின் தீப்பொறியை நீண்ட நாள் தாங்குகிறது.

இனி பொய்க்கு வருவோம். பழைய கோபுரக் கலசத்தில் இடி விழுந்தால் செம்பு இரிடியமாக மாறிவிடும், அது அரிசியை இழுக்கும், நாசா கோடிக்கணக்கில் வாங்கும் என்று பல காலமாக ஒரு கதை ஓடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி செப்புக்காசை வைத்தும் இதே கதை. 2014இல் வந்த 'சதுரங்க வேட்டை' படத்தில் இந்த 'ரைஸ் புல்லிங்' மோசடியைப் பார்த்துச் சிரித்தோம். 2018இல் டெல்லியில், கதிர்வீச்சு தடுப்பு உடை மாட்டிக்கொண்டு இதே கதையால் ஏமாற்றிய தந்தையும் மகனும் கைதானார்கள்.

நம்மூர் மணிமங்கலம், நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை வென்ற களம். ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உண்டு. இப்படிப் பழைய ஊர் என்றாலே 'பழைய கலசம்' என்ற கதையும் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. யோசியுங்கள். செம்பு உருகுவது 1,085 டிகிரியில். 2,446 டிகிரியில் உருகும் ஒன்றை வார்க்க அந்தக் காலக் கன்னாரின் உலையால் முடியாது. செம்பின் அணுவில் புரோட்டான் 29, இரிடியத்தில் 77. எந்த இடியும் 48 புரோட்டானைக் கொண்டுவந்து சேர்க்காது. இரிடியத்துக்குக் காந்தம் போல இழுக்கும் குணமும் இல்லை. அரிசி நகர்ந்தால், அரிசியில் இரும்புத் தூளும், பாத்திரத்தில் காந்தமும் இருக்கிறது என்று பொருள். கலசத்துக்குள் நம் முன்னோர் வைத்தது வரகு முதலிய தானியங்கள். அவர்கள் மேலே ஏற்றி வைத்த செல்வம் அதுதான்.

கடைசியாக ஒரு கணக்கு. 2021இல் இரிடியம் மிக உயர்ந்த விலை கண்டது. அவுன்ஸ் 6,000 டாலரைத் தாண்டியது. அதாவது கிலோ ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய். உலகம் முழுதும் ஒரு வருஷம் எடுப்பது சுமார் 7, 8 டன். எட்டு டன்னையும் அந்த விலைக்கே விற்றாலும் 12,000 கோடி. உலகத்து இரிடியம் மொத்தமும் ஒரு வருஷத்துக்கு அவ்வளவுதான் என்றால், 'பல லட்சம் கோடி' எங்கிருந்து வந்தது? இந்தக் கணக்கை அவரையே போடச் சொன்னேன். போட்டு முடித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

ரிசர்வ் வங்கி தனி மனிதர் யாருக்கும் கணக்கு வைத்துப் பணம் பிரித்துத் தருவதில்லை. அதன் பெயரில் போலி ஆவணம் காட்டி நடந்த இந்த இரிடியம் மோசடியில்தான், 2025 செப்டம்பரில் சி.பி.சி.ஐ.டி. போலீஸார் தமிழகத்தில் பல இடங்களில் சோதனை நடத்தி 30 பேரைக் கைது செய்தார்கள்.

கட்டிய ஐம்பதாயிரம் திரும்புமா என்று அவர் கேட்டார். தெரியாதப்பா, ஆனால் புகார் கொடு என்றேன். போனில் அனுப்பிய பணம் என்பதால் 1930 எண்ணுக்கு என் எதிரிலேயே பேசினார். நகை வீட்டிலேயே இருக்கிறது. அவரைச் சேர்த்துவிட்டவர் அதே கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர். அவரும் கடன் வாங்கிக் கட்டியவர். வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருப்பவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

அவர்களைத் திட்டாதீர்கள். ஓவர்டைம் பார்த்தும் கடன் தீராதவனுக்குத்தான் இப்படிப்பட்ட கதை காதில் இனிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், போதும்.