நாய்கொண்டு மான் வேட்டை

நாய்கொண்டு மான் வேட்டை என்பது பழக்கப்பட்ட நாய்களை ஏவி மானைத் துரத்திப் பிடிக்கும் வேட்டைமுறை ஆகும். இந்தியாவில் இது தடைசெய்யப்பட்டுள்ளது.

வரலாறு

சினமிக்க நாய்களையுடைய வேடன் மானிறைச்சி தந்து நெல் பெறுவதைப் புறநானூற்றின் 33ஆம் பாடல் குறிப்பிடுகின்றது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இராசபாளையம் நாய் முற்காலத்தில் வேட்டைக்கு, குறிப்பாகக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் காவலுக்கு வளர்க்கப்படுகின்றது. 2005இல் இவ்வினத்திற்கு இந்திய அஞ்சல்தலை வெளியிடப்பட்டது.

சட்டநிலை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொல்லுதல் மட்டுமன்றி, துரத்துதல், விரட்டுதல், பொறிவைத்தல், அவற்றுக்கான முயற்சி ஆகியனவும் வேட்டையே ஆகும். ஆகவே மான் தப்பினாலும் நாயை ஏவியவர் குற்றம் புரிந்தவராவார். தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இச்சட்டம் இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் நகரங்களுக்கு மேற்கே கடமானும் புள்ளிமானும் வாழும் மலைக்காடுகள் 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டன.

இடர்கள்

நாய் துரத்திய மான், பிடிபடாவிடினும் கடுங்களைப்பினால் பின்னர் இறக்கக்கூடும். வெறிநோய், டிஸ்டெம்பர் முதலியன வீட்டு நாய்களிடமிருந்து செந்நாய் போன்ற காட்டுயிர்களுக்குத் தொற்றவல்லவை. எனவே மலையடிவாரத் தோப்புகளில் வளர்க்கப்படும் நாய்களுக்குத் தடுப்பூசி இடுவதும், அவற்றைக் காட்டுக்குள் திரியவிடாதிருப்பதும் இன்றியமையாதன.