இணைகோடுகள் சந்திக்குமா? அறிஞர்கள் ஆராய்ந்த ஒரு வினாவின் வரலாறு

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை ஒரு சதுரத்தை வரைந்தார்கள். அதன் நடுவிலிருந்து தொடங்கிச் சதுரத்தைத் தாண்டி வெளியே நீளும் ஒரு கோட்டை இட்டார்கள். அந்த நடுக்கோட்டை நோக்கிப் பக்கத்திலிருந்து வரும் சிறு கோடுகளையும் வரைந்தார்கள். பின்னர் அதற்கு விளக்கமும் தந்தார்கள். நடுவில் இருப்பவன் மனிதன். அவனைச் சூழ்ந்திருப்பது அவனுடைய ஆயுள். வெளியே நீளும் பகுதி அவனுடைய எதிர்பார்ப்பு. சிறு கோடுகள் அவனைத் தீண்டும் சோதனைகள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. வாழ்வு முழுவதையும் விளக்குவதற்குச் சில கோடுகளே அங்கே போதுமாயின.

நம் பிள்ளைகள் பள்ளியில் வடிவியல் பாடத்தைக் கோடுகளிலிருந்தே தொடங்குகின்றனர். இரு பக்கமும் முடிவின்றி நீள்வது கோடு. இரு முனைகளுக்குள் அடங்குவது கோட்டுத்துண்டு. ஒரு புள்ளியில் தொடங்கி ஒரு பக்கம் மட்டும் முடிவின்றிச் செல்வது கதிர். ஒரு புள்ளியில் சந்திப்பவை வெட்டும் கோடுகள். அவ்வாறு செங்கோணத்தில் சந்திப்பவை செங்குத்துக் கோடுகள். ஒரே தளத்தில் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காதவை இணைகோடுகள். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் இந்த வரையறைகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுகின்றனர். ஆனால் கடைசி வரையறைக்குள் ஒளிந்திருந்த ஒரு வினா, அறிவுலகத்தை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் உறங்கவிடவில்லை. அவ்வினாவை மிக ஆழமாக ஆராய்ந்தோரில் முஸ்லிம் அறிஞர்கள் பலர் இருந்தனர். அவர்கள் கண்டதையும் காணத் தவறியதையும் ஒருசேர அறிந்துகொள்வது நமக்கு நலம் தரும்.

யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள்

கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட், வடிவியலை 13 பகுதிகளாகத் தொகுத்தார். நிரூபணம் இன்றியே ஒப்புக்கொள்ள வேண்டிய ஐந்து எடுகோள்களை அதன் தொடக்கத்தில் வைத்தார். முதல் நான்கும் எளியவை. இரு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம், கோட்டுத்துண்டை மேலும் நீட்டலாம், எந்த மையத்திலும் எந்த அளவிலும் வட்டம் வரையலாம், செங்கோணங்கள் யாவும் சமம் என்பனவே அவை. இவற்றை எவரும் மறுப்பதில்லை.

ஐந்தாவது அத்தகையதன்று. இரு கோடுகளை மூன்றாவது கோடு ஒன்று குறுக்கே வெட்டுகிறது. அவ்விரு கோடுகளுக்கும் இடையில், ஒரே பக்கத்தில் உண்டாகும் இரு உட்கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணங்களை விடக் குறைவாயின், அந்தப் பக்கம் நீட்டிச் சென்றால் அவ்விரு கோடுகளும் எங்கேனும் சந்தித்தே தீரும். இதுவே ஐந்தாம் எடுகோள். அந்த ‘எங்கேனும்’ பல காத தூரத்திற்கு அப்பால் இருக்கலாம். கண்ணால் காண இயலாத அவ்விடத்தைப் பற்றி எவ்வாறு உறுதி கூறுவது? இதனை முதல் நான்கின் துணைகொண்டு நிரூபிக்க வேண்டும் என்று கிரேக்க அறிஞர்களே முயன்றனர். அம்முயற்சி முற்றுப்பெறவில்லை.

பக்தாதுக்கு வந்த நூல்

கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மதர் என்பவர் யூக்ளிடின் நூலை அரபியில் பெயர்த்தார். மஅமூனின் காலத்தில் அதனை மீண்டும் திருத்தமாகப் பெயர்த்தார். பின்னர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் புதிதாக ஒரு பெயர்ப்பு செய்ய, அதனை 901-இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா செப்பனிட்டார். இஸ்ஹாக் கிறிஸ்தவர், தாபித் ஹர்ரான் நகரத்து ஸாபியர். முஸ்லிம் ஆட்சியின் நிழலில், அரபி மொழியில், பல சமயத்தாரும் சேர்ந்து வளர்த்த கல்வி அது.

அப்பெயர்ப்புகளில் நேர்கோட்டைக் குறித்த சொல் நமக்குப் புதியதன்று. வடிவியல் அறிஞர்கள் ‘முஸ்தகீம்’ என்ற அடைமொழியால் அதனைக் குறித்தனர். கடமையான தொழுகைகளில் மட்டும் நாளுக்கு 17 முறை, ஸூரத்துல் ஃபாத்திஹாவில் நாம் இறைவனிடம் வேண்டும் பாதைக்கும் அதுவே அடைமொழி.

அரபியில் வந்த நூலை அவர்கள் ஒப்பித்துவிட்டு ஓயவில்லை. ஐந்தாம் எடுகோள் ஏன் உண்மையாக வேண்டும் என்று வினவத் தொடங்கினர். மஅமூனின் காலத்தவரான ஜவ்ஹரியும், அவருக்குப் பின் தாபித் இப்னு குர்ராவும் தத்தம் நிரூபணங்களை எழுதினர்.

இப்னுல் ஹைஸமும் உமர் கய்யாமும்

ஏறத்தாழ 965-இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸமை ஒளியியலின் பேரறிஞராக நாம் அறிவோம். அவர் இவ்வினாவுக்கு அசைவின் துணையை நாடினார். தரையில் ஒரு நேர்கோடு இருக்கிறது. அதன்மீது ஒரு கோலைச் செங்குத்தாக நிறுத்தி, சாயாமல் நகர்த்திக்கொண்டே போகிறோம். கோலின் மேல்முனை தான் செல்லும் வழியில் ஒரு கோட்டை வரைகிறது. அதுவும் நேர்கோடாகவே இருக்கும் என்று கொண்டு, அங்கிருந்து அவர் நிரூபணத்தைக் கட்டியெழுப்பினார்.

அவருக்குப் பின் வந்தவர் உமர் கய்யாம் (1048–1131). கவிஞர் என்றே உலகம் அவரைக் கொண்டாடுகிறது. ஆயினும் யூக்ளிடின் எடுகோள்களில் உள்ள சிக்கல்களை விளக்கி 1077-இல் அவர் எழுதிய நூல், கணித வரலாற்றில் ஒரு மைல்கல். முன்னோடியின் நிரூபணத்தை அவர் ஏற்கவில்லை. வடிவியலில் அசைவுக்கு என்ன இடம், கோடு நகர்வது என்பதன் பொருள்தான் என்ன என்று கேட்டார். பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக அவர் மௌனம் காக்கவில்லை. மறுப்பதற்காகப் பழிச்சொல்லையும் கையாளவில்லை. காரணத்தைக் கூறி மறுத்தார்.

கய்யாம் தாமே அமைத்த வடிவத்தை, நம் வீட்டு வாசற்காலைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கீழே வாசற்படி. அதன் இரு முனைகளிலும் செங்குத்தாக நிற்கும், உயரத்தில் சமமான இரு நிலைகள். அவற்றின் தலைகளை இணைக்கும் நேரான மேல்மரம். கீழ்க்கோணங்கள் இரண்டும் செங்கோணங்கள் என்பதை நாமே அமைத்துக்கொண்டோம். மேற்கோணங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்பதை ஐந்தாம் எடுகோள் இன்றியே காட்டிவிடலாம். அவை செங்கோணங்களா, குறுங்கோணங்களா, விரிகோணங்களா? மூன்றே வாய்ப்புகள். குறுங்கோணமும் விரிகோணமும் முரண்பாட்டில் முடியும் என்று காட்டினால், எஞ்சுவது செங்கோணம். ஐந்தாம் எடுகோளும் அதனுடன் நிலைபெற்றுவிடும்.

கய்யாம் அவ்வாறே காட்டினார். ஆனால் அதற்காக அவர் வேறொரு கொள்கையைத் துணைக்கு அழைத்திருந்தார். ஒன்றையொன்று நெருங்கிச் செல்லும் இரு நேர்கோடுகள் அதே திசையில் விலகிச் செல்ல இயலாது, சந்தித்தே ஆகும் என்பது அக்கொள்கை. ஆழ்ந்து நோக்கினால் அது ஐந்தாம் எடுகோளின் மறுவடிவமே. இப்னுல் ஹைஸமின் கோல்முனை வரையும் நேர்கோடும் அதுபோன்றதே. நிரூபிக்க வேண்டியதை வேறு உருவில் ஏற்றுக்கொண்டே இருவரும் நிரூபித்தனர்.

ரோமாபுரி அச்சகத்திலிருந்து கஸான் நகருக்கு

1201-இல் தூஸில் பிறந்த நஸீருத்தீன் தூஸி, 1259-இல் பணி தொடங்கிய மராகா வானாய்வகத்தின் தலைவர். முன்னோரின் முயற்சிகளைத் திரட்டி ஆராய்ந்து, அவரும் இணைகோடுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1274-இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் வழங்கிய மற்றொரு யூக்ளிட் உரை 1594-இல் ரோமில் அரபி மொழியிலேயே அச்சேறியது. அவ்வுரை எழுதப்பட்ட ஆண்டு 1298 ஆதலால், அதனை எழுதியவர் அவருடைய மகன் ஸத்ருத்தீனாக இருக்கலாம் என்பர். ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் வாலிஸ் 1663-இல் ஆற்றிய உரையில் அந்நூலின் வாதத்தை எடுத்து விளக்கினார். அதனை அறிந்திருந்த இத்தாலியப் பாதிரியார் சக்கேரி, 1733-இல் வெளியிட்ட நூலில், கய்யாம் கையாண்ட அதே வாசற்கால் வடிவத்தையும் அதே மூன்று வாய்ப்புகளையும் ஆராய்ந்தார். இன்று பல நூல்களில் அந்நாற்கரம் அவர் பெயரால் வழங்குகிறது.

தீர்ப்பு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். ரஷ்யாவின் கஸான் நகரில் லோபசெவ்ஸ்கி 1829-இலும், ஹங்கேரியின் போயாய் 1832-இலும், மேற்கோணங்கள் குறுங்கோணங்களாக இருக்கும் ஒரு வடிவியல் முரணின்றி நிற்கக்கூடும் என்று துணிந்து எழுதினர். 1868-இல் பெல்ட்ராமி அதற்கு உறுதியான அடித்தளம் அமைத்தார். ஐந்தாம் எடுகோளை மற்ற நான்கிலிருந்து நிரூபிக்கவே இயலாது என்பது தெளிவாயிற்று. வளைந்த வெளியின் வடிவியலை ரீமன் 1854-இல் வகுத்திருந்தார். 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசையை விளக்க அந்த வடிவியலையே கையாண்டார்.

நாம் எதனைச் சொல்லிக்கொள்ளலாம்?

நம்மிடையே சுற்றிவரும் பகிர்வுகள் சில, நவீன அறிவியல் அனைத்தையும் முஸ்லிம்களே கண்டுபிடித்துவிட்டனர் என்று முழங்குகின்றன. இந்த வரலாற்றிலும் அவ்வாறு முழங்க இடமுண்டு. ஆனால் அது உண்மையாகாது. இப்னுல் ஹைஸமும் கய்யாமும் தூஸியும் யூக்ளிட் சரி என்று நிரூபிக்கவே முயன்றனர். அவர் வகுத்ததற்கு அப்பால் வேறொரு வடிவியல் உண்டென்று அவர்கள் எண்ணவில்லை. அவர்களுக்குரிய பெருமை வேறு. கேள்வியின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் துல்லியமாகத் தொட்டுக் காட்டினர். மூன்று வாய்ப்புகளைத் தனித்தனியே பிரித்து வைத்தனர். பின்வந்தோர் அம்முடிச்சை அவிழ்க்க அது பெரிதும் உதவியது. உள்ளதைச் சொன்னாலே போதிய பெருமை இருக்கையில், இல்லாததைச் சேர்ப்பது அந்த அறிஞர்களுக்கே இழுக்கு.

இதில் வியப்பான ஒன்றும் உண்டு. கோடுகள் வேறுவிதமாக நடந்துகொள்ளும் ஒரு பரப்பை அவ்வறிஞர்கள் நாள்தோறும் கையாண்டனர். அது இந்த உலக உருண்டை. கோளப்பரப்பில் மிகக் குறுகிய வழி என்பது கோளத்தை இரு சம பாதியாக்கும் பெருவட்டத்தின் ஒரு பகுதி. எந்த இரு பெருவட்டங்களும் சந்தித்தே தீரும். ஆகவே அங்கே இணைகோடுகளே இல்லை. தீர்க்கரேகைகள் யாவும் நிலநடுக்கோட்டில் செங்குத்தாக நின்றும் துருவத்தில் ஒன்றுசேர்கின்றன. சென்னையின் வழியே செல்லும் அட்சரேகை நிலநடுக்கோட்டிலிருந்து எங்கும் சம தொலைவில் இருக்கிறது. எனினும் அது பெருவட்டம் அன்று. இப்னுல் ஹைஸமின் கோலை நிலநடுக்கோட்டின்மீது நகர்த்தினால், அதன் முனை வரைவது அத்தகைய வளைகோட்டைத்தான்.

கிப்லாவைக் கணிப்பதற்கு இந்தக் கோளக் கணிதம் இன்றியமையாததாயிற்று. அல்பிரூனி, கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறியும் பொருட்டே நகரங்களின் இருப்பிடங்களை அளந்து, 1025-இல் ஒரு பெருநூலை முடித்தார். இப்னுல் ஹைஸமும் கிப்லாக் கணக்கைப் பற்றித் தனியே எழுதினார். 14-ஆம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்த கலீலீ, பல ஊர்களுக்கும் பயன்படும் கிப்லா அட்டவணைகளைத் தொகுத்தார்.

நம் ஊர்களில் கிப்லா என்றால் மேற்கு என்று பொதுவாகச் சொல்கிறோம். பெருவட்டக் கணக்கின்படி சென்னைக்கு அது மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை. கொழும்புக்குச் சுமார் 25 பாகை. சுவரில் மாட்டும் மெர்கேட்டர் வகை உலக வரைபடத்தில் சென்னையையும் மக்காவையும் அடிக்கோலால் இணைத்தால் சுமார் 12 பாகைதான் கிடைக்கும். தாளில் நேராக இருப்பது உருண்டையில் நேராக இருப்பதில்லை என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். தொலைவில் இருப்போர் அத்திசையை நோக்கினாலே போதும் என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் பெரும்பாலோரின் நிலை. ஆதலால் பழைய பள்ளிவாசல்களின் சுவர்களைக் குறைகூற இதனை எவரும் ஆயுதமாக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு இதனைக் கண்ணால் காட்டவும் வழியுண்டு. ஆண்டுதோறும் மே 28-ஐ ஒட்டியும் ஜூலை 16-ஐ ஒட்டியும் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. அந்நேரம் நம் கடிகாரத்தில் மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. ஓரிரு நாள் முன்பின் ஆனாலும் பிழை மிகச் சிறிது. மொட்டைமாடியில் ஒரு கோலைச் செங்குத்தாக நிறுத்தி, அந்த நிமிடத்தில் விழும் நிழலின்மீது சுண்ணக்கட்டியால் ஒரு கோடு வரையச் சொல்வோம். நிழலின் நுனியிலிருந்து கோலை நோக்கிச் செல்லும் திசையே கிப்லா.

அதே நிமிடத்தில் சென்னையிலும் காயல்பட்டினத்திலும் கொழும்பிலும் கோல்களை நட்டால், மூன்று நிழற்கோடுகளும் மூன்று வேறு கோணங்களில் விழும். அவற்றை உலக உருண்டையின்மீது நீட்டிச் சென்றால் மூன்றும் மக்காவில் சந்திக்கும். ஒரு பள்ளிவாசலுக்குள் நம் ஸஃப்புகள் இணைகோடுகளாக நிற்கின்றன. கஅபாவைச் சுற்றி நிற்போரின் ஸஃப்புகளோ வட்டங்களாகின்றன. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றாகப் பொருந்துகின்றன என்று பிள்ளை கேட்டால், பாடத்தில் இல்லை என்று அடக்கிவிடாமல், ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் பேனாவையும் எடுத்து அருகில் அமர்வோம்.