பிறர் எழுத்தும் ஆசிரியர் பொறுப்பும்

மதரஸா ஆண்டு மலர், ஜமாஅத் மாத மடல், சங்கச் செய்தி இதழ் என நமது கீரனூர், பழனி வட்டாரத்திலும் யாராவது ஒருவர் இதழ்ப் பொறுப்பை ஏற்கத்தான் செய்கிறார். எல்லாப் பக்கங்களையும் அவரே எழுதி நிரப்ப முடியாது. வெளியிலிருந்து வரும் கட்டுரை, கவிதை, ஊர்ச் செய்தி, வாசகர் கடிதம் ஆகியவைதான் இதழுக்கு உயிர். சிக்கல் வருவதும் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான். அப்போது, "நாம் எழுதவில்லை; வந்ததைப் போட்டோம்" என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பதில் செல்லுமா என்று பார்ப்போம்.

1987இல் நடந்தது

1987 மார்ச் இறுதியில் வெளியான ஆனந்த விகடன் அட்டையில், சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் கேலி செய்யும் துணுக்கு ஒன்று வந்தது. அது வெளியிலிருந்து துணுக்கு எழுதி அனுப்பும் ஒருவருடையது. தமிழகச் சட்டமன்றம் அதை உரிமை மீறலாக எடுத்துக்கொண்டது. ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஏப்ரல் 4 அன்று அவருக்கு 3 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பத்திரிகை உலகமே எதிர்ப்புத் தெரிவித்ததால் சில நாட்களில் விடுதலையானார். அதோடு விடாமல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, இழப்பீடாக ரூ.1000 வழங்கச் சொன்னது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துணுக்கு பிறருடையது, சிறைக்குச் சென்றவர் ஆசிரியர். அவரும் "எழுதியவரைக் கேளுங்கள்" என்று ஒதுங்கவில்லை. தான் ஏற்று வெளியிட்டதைத் தன்னுடையதாகவே கருதினார்.

சட்டத்தின் நிலை

1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம், பத்திரிகையில் ஆசிரியர் என்று பெயர் அச்சிடப்பட்டவரை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, அந்த இதழின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆசிரியராகவே கருதியது. 2024 மார்ச் முதல் அதன் இடத்தில் புதிய பருவ இதழ்ச் சட்டம் வந்துள்ளது. அவதூறைப் பொறுத்தவரை, இன்று நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு எழுதியவரோடு வெளியிட்டவரையும் சேர்த்தே பிடிக்கிறது. தண்டனை 2 ஆண்டுகள் வரை செல்லலாம். "கட்டுரைகளில் உள்ள கருத்துகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல" என்று ஓர் ஓரத்தில் அச்சிட்டுவிட்டால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

அறிஞர்கள் காட்டிய வழி

செய்தி கொண்டு வருபவர் நம்பத்தகாதவராக இருந்தால் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் கட்டளையிடுகிறது. விசாரிக்காவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்று காரணத்தையும் சொல்கிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஆராய்ந்தார்கள். இமாம் முஸ்லிம் தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே இதை விரிவாகப் பேசுகிறார். "வந்ததைச் சொன்னோம்" என்ற பதிலை அவர்கள் போதுமானதாகக் கருதவில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

1. எழுதியவரின் உண்மைப் பெயரும் முகவரியும் ஆசிரியரிடம் இருக்க வேண்டும். இதழில் புனைபெயர் வரலாம். யாரென்றே தெரியாதவரின் குற்றச்சாட்டுக்கு இடம் தரக்கூடாது.

2. ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு என்றால், அச்சுக்குப் போகுமுன் அவரிடமும் கேட்க வேண்டும். பள்ளிவாசல் கணக்கு, நிக்காஹ் தகராறு, சொத்துப் பிரச்சினை போன்றவற்றில் இது மிக அவசியம். ஊருக்குள் ஒருமுறை போன மானத்தை அடுத்த இதழின் திருத்தம் முழுமையாக மீட்டுத் தராது.

3. வந்த கடிதங்கள் அனைத்தையும் வெளியிட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இல்லை என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. தேர்ந்தெடுக்கலாம், சுருக்கலாம். ஆனால் ஒருதலைப்பட்சமாக இல்லாமல் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர நேர்மையாக முயல வேண்டும். நம்மைப் புகழும் கடிதங்களை மட்டும் போடுவது நேர்மையாகாது.

4. கட்டுரையைச் சுருக்கலாம், எழுதியவர் சொல்லாததை அவர் பெயரில் சொல்ல வைக்கக் கூடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, தம் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பு சிதைக்கப்பட்டால் அதை எதிர்க்கும் உரிமையை எழுதியவருக்குத் தருகிறது. பெரிய மாற்றம் தேவைப்பட்டால் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

5. வெளியிலிருந்து எழுதுபவரின் படைப்பு, அவர் எழுத்துமூலம் உரிமையை மாற்றித் தராதவரை அவருடையதே. மறுபதிப்புக்கும் தொகுப்பு நூலுக்கும் அனுமதி பெற வேண்டும்.

6. தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவரின் மறுப்பைத் தாமதமின்றி, கண்ணில் படும் இடத்தில், கட்டணமின்றி வெளியிட வேண்டும். முதல் பக்கத்தில் செய்த தவறுக்குக் கடைசிப் பக்க மூலையில் வருத்தம் தெரிவிப்பது நீதியல்ல.

இத்தனையும் பார்த்தால் பக்கத்தை நிரப்பவே முடியாதே என்று சிலர் சொல்லக்கூடும். நிரம்பாத பக்கத்தால் யாருக்கும் தீங்கில்லை. விசாரிக்காமல் போட்ட நான்கு வரி, ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிடும். எழுதியவர் வேறு ஊரில் இருப்பார். அந்தக் குடும்பத்தை நாளை பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் நேருக்கு நேர் பார்க்கப் போகிறவர்கள் நாம்தான். கையெழுத்து யாருடையதாக இருந்தாலும், அச்சேற்றிய பிறகு அது நம்முடைய வார்த்தை.